டிப்ளமோவின் கைராசி

"துப்பாக்கியைத் தொட்டிருக்கியா?"

"தொட்டதில்லீங்க. ஆனா படிச்சிருக்கேன்."

"எதைப் படிச்சே?"

"துப்பாக்கியைத்தான்."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, எதிரே நின்றவனை மேலும் கீழும் பார்த்தார். பெண் பார்க்கப் போகிறவன் போல இஸ்திரி போட்ட சட்டை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சான்றிதழ். 'துப்பாக்கிப் பழுது நிபுணர், முதல் வகுப்பு' என்று அதில் தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது.

"முதல்ல எங்கேயாவது கை பழகிட்டு வா. அப்புறம் பாக்கலாம்."

"கை பழகத்தாங்க இங்க வந்தேன்."

"கை பழகாதவனை எப்படிப்பா உள்ள விடறது? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா யார் ஜவாப் சொல்றது? போ போ, கதவை மூடிட்டுப் போ."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதைதான். அந்தத் தெருவில் இருந்த துப்பாக்கிக் கடைகள் எல்லாவற்றிலும் அவனுக்கு இதே கேள்வி, இதே பதில், இதே கதவு. படி இறங்கும்போது சான்றிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான், யாராவது படித்துவிடப் போகிறார்கள் என்று.

கூரியர் கம்பெனியில் பார்சல்களுக்கு முத்திரை குத்திக்கொண்டு ஒழுங்காக இருந்தவன்தான். ஒரு மதியம் போனில் விளம்பரம் வந்தது. 'உலகெங்கும் ஆள் பற்றாக்குறை! வீட்டில் இருந்தபடியே துப்பாக்கி நிபுணர் ஆகுங்கள்!' ஆள் பற்றாக்குறை என்ற சொல்லைப் பார்த்ததும் அந்தப் பற்றாக்குறை தன் ஒருவனுக்காகவே காத்திருப்பதாக அவனுக்குத் தோன்றிவிட்டது. வீடியோவில் ஒரு தாடிக்காரர் பேசினார். இவன் சோபாவில் சாய்ந்துகொண்டு தலையாட்டினான். தேர்வு வந்தது. எல்லாக் கேள்விக்கும் 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடையை அமுக்கினான். முதல் வகுப்பில் தேறினான். மறுநாளே கூரியர் வேலையை விட்டான்.

மனைவியின் அண்ணன் அவனுக்கு 'டிப்ளமோ' என்று பட்டம் சூட்டினார். பட்டம் ஒட்டிக்கொண்டது. தெருவில் இஸ்திரி போடுகிறவர் கூட "டிப்ளமோ சார் சட்டை ரெடி" என்று குரல் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டது.

அந்த மச்சானுக்கு மெத்தைக் கடை. கடைக்கு முன்னால் பெரிய கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னலுக்குள் ஒரு கட்டிலைப் போட்டு, அதில் ஒரு ஆளைத் தூங்க வைத்தால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். ஆள்தான் கிடைக்கவில்லை. தங்கை புருஷன் வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டதும் ஸ்வீட் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம் மாப்ளே. பைஜாமா போட்டுக்கிட்டு படுத்தா போதும். அப்பப்ப புரண்டு படுக்கணும். சிரிச்ச முகமா தூங்கணும். அவ்வளவுதான்."

"ரோட்ல போறவங்க எல்லாம் பாப்பாங்களே மச்சான்?"

"பாக்கத்தானே படுக்கச் சொல்றேன்?"

டிப்ளமோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூரியர் ஆபீஸ் பழைய நண்பர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்ப்பதை நினைத்தான். அழுகையே வந்துவிட்டது. சாகிறவரை துப்பாக்கிக்காரனாக இருப்பேனே தவிர மெத்தையில் படுக்க மாட்டேன் என்றான்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் தெளிவாகப் பார்த்தே பழக்கம்.

"பேய்க்கு வாக்கப்பட்டாச்சு, மரம் ஏறித்தானே ஆகணும்? சரி. வருஷம் முடியறதுக்குள்ள ஒரு கடையில அனுபவச் சான்றிதழ் வாங்கி லைசென்ஸ் எடுத்துடுங்க. இல்லேன்னா பேசாம அண்ணன் கடையில போய்ப் படுத்துடுங்க" என்றாள்.

உண்மையைச் சொன்னால் கதவு திறக்காது என்று தெரிந்துவிட்டது. அடுத்த கடையில் டிப்ளமோ பொய் சொன்னான்.

"பத்து வருஷ அனுபவங்க!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம். இதைக் கொஞ்சம் கழட்டிக் காட்டுங்க" என்று அந்தக் கடைக்காரர் ஒரு துப்பாக்கியை முன்னால் வைத்தார்.

டிப்ளமோ கழற்றினான். கழற்றினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே இருந்த ஸ்பிரிங் தானாகவே வெளியேறி, மேலே போய் விளக்கை உடைத்து, கீழே வந்து கடைக்காரரின் டீயில் குளித்தது. அவர் துடைப்பக்கட்டையோடு தெருமுனை வரை வழியனுப்பி வைத்தார்.

கடைசியில் அகப்பட்டது சந்தைக்குப் பின்னால் ஒரு கடை. முன்பக்கம் மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், தூண்டில் கம்பு. பின்பக்கம் ஒரு சின்னப் பட்டறை. முதலாளிக்கு மாமனார் வழியில் வந்த கடை. அவருக்கு பூட்ஸ் பற்றி எல்லாம் தெரியும். துப்பாக்கியை மட்டும் தொட மாட்டார், பயம். பட்டறையில் இருந்த ஆள் நல்ல சம்பளத்துக்கு எங்கேயோ போய்விட்டான்.

"கைப்பயிற்சிதானே வேணும்?" என்றார் முதலாளி. "பட்டறை உள்ள இருக்கு. போய்க் கையை வெச்சுக்க."

"யாருங்க சொல்லித் தருவாங்க?"

"பயிற்சின்னா நீ பண்றதுதானேப்பா? சொல்லிக் குடுத்தா அது பாடம் ஆயிடாதா?"

டிப்ளமோவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"ரிப்பேர் பண்ணினதைச் சுட்டுப் பாக்கலாங்களா?"

"ஐயையோ, அந்த வேலையே வேண்டாம். பக்கத்துல பல் டாக்டர். போன தடவை டமார்னு சத்தம் கேட்டு அவர் கை ஆடினதுல, ஒருத்தருக்கு நல்ல பல்லு போயிடுச்சு. இந்த ஊர்ல எவன் சுடறான்? காட்டுல ஒரு முயல் கூடக் கிடையாது. எல்லாம் வீட்ல மாட்டி வெச்சு மீசை மாதிரி தடவிக் குடுக்கறதுக்குத்தான்."

சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வருஷக் கடைசியில் அனுபவச் சான்றிதழ். டிப்ளமோ காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போனான்.

முதல் வாடிக்கை மரக்கடைக்காரர் மனைவி. காய்கறிப் பையில் முட்டைக்கோசுக்கு அடியிலிருந்து துணி சுற்றிய துப்பாக்கியை எடுத்து மேசை மேல் வைத்தாள். உயரமான, சுருக்கமாகப் பேசுகிற பெண்மணி.

"நீங்கதான் புதுசா சேர்ந்தவரா தம்பி?"

"ஆமாக்கா."

"முன்ன எங்க வேலை பாத்தீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தான். துடைப்பக்கட்டை ஞாபகம் வந்தது.

"இதுதாங்க்கா முதல். இன்னும் ஒண்ணு கூடத் தொட்டதில்லை."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தான். அவளோ முகமெல்லாம் மலர்ந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பரவாயில்ல தம்பி. யாராவது ஒருத்தர் வாய்ப்பு குடுத்தாத்தானே? நிறைய கடையில குடுத்துப் பாத்தாச்சு. எல்லாரும் ஒரே மாதிரிதான் பண்ணித் தர்றாங்க. விரலால இழுக்கற குதிரை கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. நீங்க உங்க இஷ்டப்படி பண்ணுங்க."

உலகத்தில் இப்படியும் நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்களே என்று டிப்ளமோவின் கண் கலங்கியது. துப்பாக்கியை மேசை இடுக்கியில் பிடித்துக் கழற்றினான். எண்ணெய் போட்டான். அரத்தால் ராவினான். எதை ராவ வேண்டும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ராவினான். திரும்பப் பூட்டி முடித்தபோது சில சாமான்கள் மிச்சம் இருந்தன. தயாரித்தவர்கள் அளவுக்கு மீறிப் போட்டிருப்பார்கள் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அவற்றை ஒரு டப்பாவில் போட்டான். குதிரை மட்டும் வெண்ணெயாக இழுபட்டது.

துப்பாக்கியைக் கொடுத்தனுப்பி ஒரு வாரம் ஆனது. அவள் வந்து சண்டை பிடிப்பாள் என்று ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தான். வந்தாள். கூடவே பேக்கரிக்காரர் மனைவியையும் கூட்டி வந்தாள்.

"துப்பாக்கி எப்படிக்கா இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. இப்பத்தான் மனசுக்கு நிம்மதி. இவங்க வீட்டுதையும் அதே மாதிரி பண்ணிடுங்க."

"அதே மாதிரி" என்று பேக்கரிக்காரர் மனைவியும் அழுத்திச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பட்டறையில் கூட்டம் அலைமோதியது. வக்கீலின் அம்மா வந்தாள். பஸ் கம்பெனிக்காரரின் மருமகள் வந்தாள். மளிகைக் கடைக்காரரின் மனைவி, டாக்டரின் தங்கை, யார் யாரோ வந்தார்கள். துப்பாக்கிகள் போர்வையில் வந்தன, யோகா பாயில் சுருட்டி வந்தன, ஒன்று குழந்தை வண்டியில் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. ஒரு புகார் இல்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். துப்பாக்கிக்காரனுக்குக் கணக்கு வேறு மாதிரி போல.

முதலாளி வாய் பிளந்தார். வந்த பெண்கள் போகிற போக்கில் மழைக்கோட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். "கைராசிப்பா உனக்கு!" என்று டிப்ளமோவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டில் டிப்ளமோவின் நடையே மாறிவிட்டது. மிக்ஸி கெட்டுப்போனால் "நம்ம லெவலுக்கு மிக்ஸி எல்லாமா?" என்று ஒதுங்கினான். மச்சான் வந்தால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"ஏங்க, உங்க கடைக்கு ஏன் பொம்பளைங்களாவே வர்றாங்க?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள்.

"ஆம்பளைங்களுக்கு நேரம் இல்லையாம்."

"துப்பாக்கியை வெச்சுக்க நேரம் இருக்கு, ரிப்பேருக்குக் கொண்டு வர நேரம் இல்லையா?"

அவளுக்குப் பொறாமை என்று டிப்ளமோ முடிவு செய்தான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் மனைவி தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை. அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே திரிந்தான்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க லைசென்ஸ் ஆபீசர் வந்து சேர்ந்தார். அனுபவச் சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, கையால் பழுது பார்த்த ஒரு துப்பாக்கியைத் தன் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும் என்றார் அவர்.

"அதுக்கென்னங்க, பேஷா!" என்றான் டிப்ளமோ.

எதற்கும் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை முதலாளியும் அவனும் ஊருக்கு வெளியே இருந்த சுடும் மைதானத்துக்குப் போனார்கள். பழுது பார்த்து முடித்து, இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த துப்பாக்கிகளை எடுத்துப் போனார்கள். முதலாளி காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்று, கண்ணையும் மூடிக்கொண்டார்.

டிப்ளமோ குறி பார்த்துக் குதிரையை இழுத்தான்.

'டொக்.'

"சுட்டுட்டியா?" என்றார் முதலாளி.

"சுட்டுட்டேங்க."

"சத்தமே கேக்கலையே!"

"பஞ்சை எடுங்க."

"எடுத்துட்டேன்யா!"

அடுத்த துப்பாக்கியும் 'டொக்' என்றது. அதற்கடுத்தது டொக் என்று கூடச் சொல்லவில்லை. குதிரை விரலோடு வந்துவிட்டது.

முதலாளி மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாளா ஊர்ல இருக்கிற துப்பாக்கியை எல்லாம் இப்படித்தான் பண்ணி அனுப்பினியா? வெளிய தெரிஞ்சா என் கதி என்ன ஆகும்?"

டிப்ளமோ விரலோடு வந்த குதிரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.  நம்பிக் கொடுத்த பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஒருத்தி கூட மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! தெரிந்தும் தன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று பொறுத்துக்கொண்டார்கள் போல. தூ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற வெறி அவனுக்கு வந்தது அப்போதுதான்.

தாடிக்காரரின் வீடியோவை மறுபடி முதலிலிருந்து போட்டான். இந்தத் தடவை சோபாவில் இல்லை, பட்டறையில். அவர் ஒரு திருகைத் திருகினால் இவனும் திருகினான். புரியாவிட்டால் நிறுத்தி, மறுபடி போட்டு, மறுபடி திருகினான். கட்டைவிரல் நசுங்கியது, நகம் கறுத்தது. 'மேற்கண்ட அனைத்தும்' என்று விடை எழுதிய கேள்விகளுக்கெல்லாம் உண்மையான விடை என்ன என்று ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. மிச்ச டப்பாவில் கிடந்தவை மிச்சமே இல்லை என்பதும் தெரிந்தது.

மறுபடி மைதானத்துக்குப் போனார்கள். டிப்ளமோ குதிரையை இழுத்தான்.

'டமார்!'

பறவைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. முதலாளி மரத்தைக் கட்டிக்கொண்டார். பிறந்த குழந்தை வீல் என்று கத்தியதைக் கேட்ட தகப்பன் மாதிரி டிப்ளமோ துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்தான். அந்த வாரமே சரியான துப்பாக்கிகளை எல்லாம் துடைத்து, பளபளவென்று உரியவர்களிடம் கொடுத்து அனுப்பினான்.

பேக்கரிக்காரர் மனைவிதான் முதலில் வந்தாள். அவள் வீட்டிலிருந்து இன்னொரு துப்பாக்கியும் வந்து சரியாகிப் போயிருந்தது. தலைமுடியில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் இருந்தது. உட்காரவில்லை.

"என்ன தம்பி பண்ணி வெச்சீங்க?"

"ஏன்க்கா, சுடலையா?"

"சுட்டுச்சு."

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க."

"நேத்து எங்க வீட்டுக் கூரையில ஓட்டை விழுந்துடுச்சு."

"குறி கொஞ்சம் மேல தூக்குது போல. கொண்டு வாங்கக்கா, நேரா போற மாதிரி பண்ணித் தர்றேன்."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும். விறுவிறுவென்று திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் வக்கீலின் அம்மா வந்தாள்.

"என் பையன் துப்பாக்கியைக் குடுத்துடு தம்பி."

"இன்னும் கையே வெக்கலையேம்மா."

"நல்லதாப் போச்சு. அப்படியே குடு."

அதோடு கடைக்கு ஆள் வருவது நின்றது. பூட்ஸ் வாங்கக் கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ரோட்டில் எதிரே வந்த பஸ் கம்பெனிக்காரரின் மருமகள், டிப்ளமோவைப் பார்த்ததும் சடாரென்று எதிர்ச்சாரிக்குத் தாண்டிப் போனாள். கடையில் இவனும் முதலாளியும் ஆளுக்கொரு பக்கம் ஈ ஓட்டினார்கள்.

"விஷயம் வெளிய வந்துடுச்சுங்க" என்றான் டிப்ளமோ. "முதல்ல ரிப்பேர் பண்ணினது எல்லாம் சுடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கோபம்."

"அப்ப நீதான் சரி பண்ணணும். போன வாடிக்கை அத்தனையும் திரும்பி வரணும். வந்தாத்தான் சான்றிதழ்ல கையெழுத்து. இல்லேன்னா இப்பவே கிளம்பு."

அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். நீலக் கோடு போட்ட பைஜாமா ஒன்றை டிப்ளமோவின் இடுப்பில் வைத்து அளவு பார்த்தார்.

"லேசா லூசா இருக்கு. பரவாயில்ல மாப்ளே, தூங்கறதுக்கு அதுதான் நல்லது. ஜன்னலுக்குப் புதுசா லைட்டு கூடப் போட்டுட்டேன்."

மனைவி பைஜாமாவைச் சுருக்கித் தைக்க ஊசியும் நூலும் எடுத்து வந்தாள். அதுதான் டிப்ளமோவுக்கு அதிகமாக வலித்தது.

கடை வாசலில் பலகை மாட்டினான். 'பழைய பழுதுகள் இலவசமாகச் சரிசெய்து தரப்படும்.' ஒரு ஈ காக்காய் வரவில்லை. சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று சாமான் பெட்டியையும் மிச்ச டப்பாவையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினான்.

"எங்க வீட்ல துப்பாக்கியே கிடையாதே" என்றாள் டாக்டரின் தங்கை. அவளுக்குப் பின்னால் சுவரில் துப்பாக்கி தொங்கியது.

"வித்துட்டோம்" என்றது ஒரு வீடு. "ஆத்துல போட்டுட்டோம்" என்றது இன்னொரு வீடு. பேக்கரிக்காரர் மனைவி மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். இவ்வளவு கோபம் இருக்கிறது என்றால் தன் பாவம் எவ்வளவு பெரியது என்று நினைத்து டிப்ளமோ ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, பனியனோடு நடந்தான். முதல் முதலாக நம்பிக் கொடுத்தவள் வீட்டிலாவது பிராயச்சித்தம் தேடிக்கொள்ளாமல் திரும்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

மரக்கடைக்காரர் வீட்டில் சமையலறைக் கதவு திறந்திருந்தது. அடுப்புக்கு முன்னால் நின்றவள் இவனைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டாள்.

"தம்பி, போயிடுங்க. அவர் வர்ற நேரம்."

"உங்க மனசு எனக்குத் தெரியும்க்கா. என் மேல இருக்கிற கோபத்தைக் கூடக் காட்டாம பேசறீங்க. உங்க துப்பாக்கி சுடாதுக்கா!"

"தெரியும். போங்க."

"இப்ப நான் தொழிலைக் கத்துக்கிட்டேன். அஞ்சே நிமிஷம். காசு கூட வேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாம். உங்களைக் கும்பிடறேன், போங்க!"

என்ன பெருந்தன்மை என்று டிப்ளமோ உருகிப்போனான். அவள் தடுக்கத் தடுக்கக் கூடத்துக்குப் போய், சுவரில் இருந்த துப்பாக்கியைத் தானே கழற்றி எடுத்துவந்து, சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் துப்பாக்கியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். இவன் மறுமுனையை இழுத்தான்.

"விடுங்க தம்பி!"

"விட மாட்டேங்க்கா!"

வாசலில் மரக்கடைக்காரர் நின்றார்.

கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. தன் சமையலறையில், தன் மனைவிக்கு முன்னால், பனியனோடு உட்கார்ந்து "விட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் சிவந்து, பிறகு கறுத்தது.

"யார்றா நீ?"

"நான் வந்து... அக்காவுக்கு..."

மேலே கேட்க அவர் தயாராக இல்லை. எட்டித் துப்பாக்கியைப் பிடுங்கினார். அலமாரியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டார். எல்லாம் நொடியில் நடந்தது. நாளுக்கு நாலு தடவை செய்கிற வேலை போல அவ்வளவு பழக்கம். குழலின் முனை டிப்ளமோவின் மூக்குக்கு நேராக நின்றது. அவன் மனக்கண்ணில் மெத்தைக் கடை ஜன்னல் ஒரு தரம் வந்தது. எவ்வளவு அழகான ஜன்னல் என்று தோன்றியது.

மரக்கடைக்காரர் குதிரையை இழுத்தார்.

'டொக்.'

மறுபடி இழுத்தார். 'டொக்.'

பழக்க தோஷம். டிப்ளமோவின் வாய் தானாகவே, "மன்னிச்சுக்குங்க சார்" என்றது.

மரக்கடைக்காரர் துப்பாக்கியைப் பார்த்தார். இவனைப் பார்த்தார்.

"எவன்டா இதை ரிப்பேர் பண்ணினது?"

"நான்தான் சார்."

"நீயா? அந்தச் சந்தைக்கடைப் பயலா?" என்று உறுமினார். துப்பாக்கியை அவன் மடியில் வீசினார். "இப்பவே சரி பண்ணுடா!"

"சரி பண்ணினா..."

"சுடுவேன்!"

நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிப்ளமோ துப்பாக்கியைத் திறந்தான். இப்படிப்பட்ட வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பது என்று தாடிக்காரர் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. திருகை மெதுவாகக் கழற்றினான். கழற்றியதை மறுபடி மாட்டினான். மறுபடி கழற்றினான்.

"சீக்கிரம்டா!"

அந்தச் சமயம் வெளியே லாரி ஹாரன் அடித்தது. மரம் வந்திருந்தது. "ஐயா, எங்க இறக்கறது? மழை வர்ற மாதிரி இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். மரக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கோபம் காத்திருக்கும், மரம் நனைந்தால் போச்சு.

"நான் வர்றதுக்குள்ள ரெடியா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஓடுவதற்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. டிப்ளமோவும் எழுந்துதான் விட்டான். ஆனால் திறந்து கிடந்த துப்பாக்கிக்குள் அவன் பார்வை விழுந்தது. விழுந்தது அங்கேயே நின்றது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவன் மறுபடி தரையில் உட்கார்ந்தான்.

"அட! இங்க பாருங்கக்கா, ஸ்பிரிங்கைத் தலைகீழா மாட்டியிருக்கேன்! இவ்வளவுதான் விஷயம். இதைத் திருப்பிப் போட்டு, டப்பாவுல இருக்கறதையும் மாட்டினா போதும், சும்மா கும்முனு சுடும். ஒரே நிமிஷம்!"

மரக்கடைக்காரர் மனைவி அவன் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். கண்ணில் நீர் முட்ட, இரண்டு கையையும் கூப்பினாள்.

"தம்பி, தொழில் தெரியாத ஒரு ஆளைக் கண்டுபிடிக்க இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கோம் தெரியுமா? தயவுசெஞ்சு கத்துக்கிட்டு எங்க குடியைக் கெடுத்துடாதீங்க!"